அடியிலிருந்து தலைக்கு ஏறிய கேம் ஷாஃப்ட்

கார் எஞ்சினுக்குள் கேம் ஷாஃப்ட் என்று ஒரு தண்டு இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதைக் கழற்றி மாட்டுவது மெக்கானிக் வேலை, நமக்கென்ன என்று இருந்துவிடுகிறோம். ஆனால் இந்த ஒரு தண்டு கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் நம் ஊர்க் கார்களில் இடம் மாறிய கதையைத் தெரிந்துகொண்டால், அம்பாசிடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டிய கைகள் புதிய காரில் ஏன் தடுமாறின என்பது விளங்கும். பழைய காரில் பலமும் பொறுமையும் இருந்தால் போதும். புதிய காரில் வரிசை தப்பினால் சில ஆயிரங்கள் ஒரு நொடியில் போய்விடும். வாகனப் பராமரிப்பிலேயே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன் என்பதால் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

தறியில் இருக்கும் அதே தண்டு

மேச்சேரியைச் சுற்றி நங்கவள்ளி, வனவாசி, ஜலகண்டாபுரம், தாரமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறி ஓட்டியவர்களுக்குக் கேம் ஷாஃப்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாதாரண விசைத்தறியில் இரண்டு தண்டுகள் உண்டு. மேலே இருப்பது கிராங்க் தண்டு. கீழே இருக்கும் தண்டு, மேல்தண்டு இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு சுற்றுதான் சுற்றும். அதில் மாட்டியிருக்கும் முட்டை வடிவ இரும்புகள் சுழன்று வந்து மிதியை அழுத்தும். விழுது ஏறி இறங்கும். நாடாவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் அடித்து அனுப்புவதும் கீழ்த்தண்டின் வேலைதான். அந்த இரும்புக்குத் தறிக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டேப்பட். எஞ்சின் பட்டறையிலும் அந்தச் சொல் உண்டு. அங்கே கேமின் தள்ளை வாங்கிக்கொள்ளும் துண்டுக்கு அந்தப் பெயர்.

கார் எஞ்சினிலும் இதே கணக்குதான். காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது ஒரு வீச்சு, அதை அழுத்துவது ஒன்று, வெடிப்பது ஒன்று, புகையை வெளியேற்றுவது ஒன்று. இந்த நான்கு வீச்சுக்குக் கிராங்க் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரே ஒரு முறைதான் திறக்க வேண்டும். ஆகவே கேம் ஷாஃப்ட் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் கேம் ஷாஃப்ட் 1500 சுற்று. அதாவது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். இந்த ஸ்பிரிங்கை மறந்துவிடாதீர்கள். பின்னால் வரப்போகும் தொல்லை எல்லாம் அதனால்தான்.

சுற்றும் தண்டில் ஒரு புடைப்பை வைத்து இன்னொன்றைத் தூக்கி இறக்கும் யோசனை மிகப் பழையது. சீனாவில் தண்ணீர்ச் சக்கரத்தோடு இப்படிப்பட்ட தண்டை இணைத்து உலக்கைகளைத் தூக்கித் தானியம் குத்தினார்கள். 1206-இல் அல்-ஜஸரி என்ற பொறியாளர் எழுதிய இயந்திர நூலிலும் கேம் பொருத்திய தண்டு வருகிறது. மோட்டார் கார் வந்த புதிதில் பல எஞ்சின்களில் புகை வெளியேறும் வால்வுக்கு மட்டும்தான் கேம் இருந்தது. உள்ளே இழுக்கும் வால்வு, பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலில் தானாகவே திறந்துகொள்ளும். வேகம் கூடக்கூட அது சரிப்படவில்லை. இரண்டு வகை வால்வையும் கேம்தான் திறக்க வேண்டும் என்றானது.

இன்று புதிய காரின் விளம்பரத்தில் இரட்டைக் கேம் ஷாஃப்ட் என்று பெருமையாகப் போடுகிறார்கள். 1912-இலேயே பிரெஞ்சு கிராண்ட் பிரி பந்தயத்தில் ஜெயித்த பியூஜோ காரில் எஞ்சின் தலையின்மேல் இரண்டு கேம் ஷாஃப்ட், ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வு எல்லாம் இருந்தன. பந்தயக் காருக்கு வந்த அந்த அமைப்பு, நம் ஊர்ச் சாதாரணக் குடும்பத்தின் சின்னக் காருக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் ஆயிற்று. செய்வதற்குச் செலவு அதிகம், பிரித்து மாட்ட நுட்பம் அதிகம் என்பதுதான் காரணம்.

அம்பாசிடர் காலம்

பிர்லா குடும்பத்தின் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் தொடங்கியது. கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவிலிருந்து அம்பாசிடர் வந்தது 1957-இல். முதலில் வந்த வண்டிகளில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் பிளாக்கிலேயே இருந்தன. சில ஆண்டுகளில் 1489 சி.சி. எஞ்சின் வந்தது. அதில் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறிவிட்டன. கேம் ஷாஃப்ட் மட்டும் பழைய இடத்திலேயே, பிளாக்கின் அடிப்பக்கத்தில், கிராங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அடியில் இருக்கும் கேம் மேலே இருக்கும் வால்வைத் திறக்க வேண்டுமே. அதற்காக டேப்பட், அதன்மேல் நீளமான புஷ் ராடு, அதன்மேல் ராக்கர் என்று ஒரு வரிசை. கேம் டேப்பட்டைத் தூக்கும், டேப்பட் புஷ் ராடைத் தூக்கும், ராக்கர் சாய்ந்து வால்வை அழுத்தும்.

பம்பாயிலிருந்து வந்த ஃபியட் 1100, பிறகு அதுவே பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியபோதும், இதே அமைப்புதான். சென்னைப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி செய்த ஹெரால்டும் அப்படித்தான். ஆகவே ஒரு வண்டியில் தொழில் பழகியவர் மற்ற இரண்டையும் தைரியமாகப் பிரிக்கலாம். மேட்டூர் அணை, கெமிக்கல் கம்பெனி, அலுமினியத் தொழிற்சாலை என்று ஓடிய வண்டிகளில் பெரும்பாலும் இவைதான் என்பதால், மேட்டூர் ரோட்டில் பட்டறை வைத்திருந்தவர்களுக்கு வேறு வித்தை தேவைப்படவில்லை.

அம்பாசிடரில் கேம் ஷாஃப்டை எடுப்பது என்றால் ஒரு பெரிய வேலை. ரேடியேட்டர், முன் கிரில் எல்லாம் கழற்றி முன்பக்கமாக உருவ வேண்டும்; பெரும்பாலும் எஞ்சினையே சங்கிலி போட்டுத் தூக்கி இறக்கிவிடுவார்கள். ராக்கர் தொகுப்பைக் கழற்றி, புஷ் ராடுகளை உருவி, பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் திறந்து டேப்பட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். டைமிங் செயினைக் கழற்ற வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும் பல்சக்கரமும், ஆயில் பம்பைச் சுற்றும் தண்டும் கேம் ஷாஃப்டோடு பல் கோத்திருப்பவை. அவற்றை விலக்காமல் இழுத்தால் வராது. முன்னால் அதைப் பிடித்திருக்கும் தகட்டின் திருகுகளையும் எடுத்த பிறகு தண்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே உருவ வேண்டும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எந்த டேப்பட் எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு டேப்பட்டும் தன் கேமோடு உரசி உரசிப் பழகியிருக்கும். இடம் மாற்றிப் போட்டால் இரண்டும் சீக்கிரம் தேயும். இரண்டாவது, தண்டு படுத்திருக்கும் மூன்று புஷ்ஷுகளும் மெதுவான உலோகப் பூச்சு உள்ளவை. உருவும்போது தண்டின் முனை தொங்கினால் கேமின் கூர்மையான ஓரம் புஷ்ஷைக் கீறிவிடும். அதனால் அந்தக் காலத்து மெக்கானிக்குகள் தண்டின் மூக்கில் ஒரு நீளமான போல்ட்டை முறுக்கி, அதைக் கைப்பிடியாகப் பிடித்து நேராக இழுப்பார்கள்.

கவனித்தீர்களா? இவ்வளவு வேலையிலும் ஸ்பிரிங் நம்மைத் தொல்லை செய்யவே இல்லை. ராக்கரைக் கழற்றிய உடனே ஸ்பிரிங்கின் அழுத்தம் கேம் ஷாஃப்டை விட்டுப் போய்விடுகிறது. அதன் பிறகு அந்தத் தண்டு எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா படுத்திருக்கிறது. அவசரப்பட்டால் கீறல் விழலாம், உடையாது. அம்பாசிடர் எதையும் தாங்கும் வண்டி என்று சொன்னதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

மாருதி வந்த பிறகு

1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி மாருதி 800-இன் முதல் சாவியை வழங்கினார். 796 சி.சி., மூன்று சிலிண்டர். பட்டறைக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்த்தபோது பழகிய பல பொருள்களைக் காணவில்லை. புஷ் ராடு இல்லை. பிளாக்குக்குள் கேம் ஷாஃப்ட் இல்லை. அது அலுமினிய ஹெட்டின்மேல் ஏறியிருந்தது. டைமிங் செயினுக்குப் பதில் பல் வைத்த ரப்பர் பெல்ட். ஜெர்மனியில் கிளாஸ் என்ற சிறிய கார்க் கம்பெனி 1962-இலேயே இந்த வகை பெல்ட்டைக் காரில் போட்டுவிட்டது. நமக்கு அது புதுமை. மாவு மில் பெல்ட்டைப் பார்த்துப் பழகியவர்கள், எஞ்சினின் உயிர்நாடியை ரப்பரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களே என்று சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

கேம் ஷாஃப்ட் மேலே ஏறியதற்குக் காரணம் உண்டு. டேப்பட், புஷ் ராடு என்று எடையுள்ள பொருள்கள் நொடிக்குப் பல முறை மேலும் கீழும் போய் வந்தால் அதிக வேகத்தில் வால்வு தாளம் தப்பும். கேமை வால்வுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்துவிட்டால் நடுவில் உள்ள எடை குறையும். சிறிய எஞ்சின் வேகமாகச் சுற்றி அதிக சக்தி தரும்.

மாருதி 800-இல் கேம் ஷாஃப்டைக் கழற்றுவது அம்பாசிடரை நினைத்தால் எளிது. எஞ்சினை இறக்க வேண்டியதில்லை. பெல்ட்டைக் கழற்றி, ராக்கர்களின் அட்ஜஸ்ட் ஸ்குரூக்களை முதலில் நன்றாகத் தளர்த்தி, ராக்கர் தண்டுகளை உருவி, டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து உறையை எடுத்தால் கேம் ஷாஃப்ட் பின்பக்கமாக உருவி வந்துவிடும். இங்கும் தண்டை உருவுவதற்கு முன்பே ஸ்பிரிங்கின் அழுத்தம் விலகிவிடுகிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அம்பாசிடரில் புஷ் தேய்ந்தால் புதுப் புஷ் போடலாம். இதில் தண்டு அலுமினிய ஹெட்டிலேயே நேரடியாகச் சுற்றுகிறது. அங்கே ஆழமாகக் கீறல் விழுந்தால் ஹெட்டுக்கே சேதம்.

1990-களில் இசுசு எஞ்சின் பொருத்திய அம்பாசிடரே வந்தது. அதிலும் கேம் ஷாஃப்ட் ஹெட்டில்தான். அம்பாசிடர் என்ற பெயரும் உருவமும் இருக்க, எஞ்சின் மட்டும் காலத்தோடு மேலே ஏறிவிட்டது.

இரண்டு தண்டுகள்

உண்மையான திருப்பம் 2008-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு மாருதி ஏ-ஸ்டார் காரில் கே10 என்ற 998 சி.சி. எஞ்சின் வந்தது. மூன்று சிலிண்டர், 12 வால்வு, ஹெட்டின்மேல் இரண்டு கேம் ஷாஃப்ட், மறுபடியும் செயின். 2010-இல் அதே எஞ்சின் ஆல்ட்டோ கே10-க்கும் வேகன் ஆருக்கும் வந்தது. இந்த இரண்டு வண்டியும் இல்லாத ஊர் நம் பக்கத்தில் இருக்காது.

இந்த எஞ்சினில் ராக்கரே கிடையாது. வால்வின் தலைமேல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்தது போல டேப்பட் இருக்கிறது. கேம் நேராக அதை அழுத்துகிறது. திருகித் தளர்த்துவதற்கு அட்ஜஸ்ட் ஸ்குரூவும் இல்லை. வால்வு இடைவெளி சரியில்லை என்றால் வேறு கனமுள்ள கிண்ண டேப்பட்டைத்தான் மாற்றிப் போட வேண்டும். அதற்குக் கேம் ஷாஃப்டைக் கழற்றியே ஆக வேண்டும். அம்பாசிடரில் எஞ்சினின் ஆயுளில் ஓரிரு முறை செய்த வேலை, ஃபில்லர் கேஜ் வைத்துப் பார்க்கும் சாதாரண வேலையின் பகுதியாகிவிட்டது.

தண்டை மேலிருந்து அழுத்திப் பிடித்திருப்பவை சின்னச் சின்ன அலுமினிய மூடிகள். கேப் என்று சொல்கிறோம். எந்த நிலையில் எஞ்சினை நிறுத்தினாலும் ஏதோ சில கேம்கள் வால்வை அழுத்திக்கொண்டுதான் இருக்கும். அந்த ஸ்பிரிங்குகள் தண்டை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் முறையாக, ஸ்பிரிங்கின் அழுத்தத்தை விலக்காமலே தண்டைக் கழற்ற வேண்டிய நிலை.

மேட்டூர் ரோட்டுப் பட்டறை ஒன்றில் நான் நேரில் பார்த்தது. நண்பர் ஒருவரின் காரில் மேலே டக் டக் என்று சத்தம். பட்டறைக்காரர் இருபது வயதிலிருந்து ஹெட் பிரிப்பவர்; கையில் சுத்தமான தொழில். முன்பக்கத்து கேப்பின் போல்ட்டை முழுதாகக் கழற்றி எடுத்து வைத்தார். அடுத்ததையும் அப்படியே. மூன்றாவதில் ஸ்பேனரை வைத்ததும் ஒரு வெடிச் சத்தம். கேப் இரண்டாகப் பிளந்துவிட்டது. தண்டின் ஒரு முனை மேலே எகிறி நின்றது.

“முப்பது வருசமா ஹெட்டு பிரிக்கிறனுங்க சார். ஒரு சாமான் இப்படி ஒடைஞ்சதில்லீங்க” என்றார். முகம் வெளுத்துவிட்டது. உதவிக்கு இருந்த பையன், “அண்ணே, கேப்பு மட்டும் வாங்கிட்டு வந்தறட்டுங்களா?” என்று கேட்டான். கேப் மட்டும் கிடைக்காது. ஹெட்டையும் கேப்பையும் ஒன்றாகப் பூட்டி வைத்துத்தான் தொழிற்சாலையில் துளை கடைகிறார்கள். ஒரு ஹெட்டின் கேப் இன்னொரு ஹெட்டுக்குப் பொருந்தாது. ஒரு விரல் அளவுத் துண்டுக்காக முழு ஹெட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. செலவைப் பட்டறைக்காரரும் நண்பரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். பணத்தைவிட, அந்தப் பையன் முன்னால் நடந்துவிட்டதே என்பதுதான் பட்டறைக்காரருக்குப் பெரிய வருத்தம்.

நடந்தது என்ன? முன்பக்கத்து இரண்டு கேப்பும் போனதும், அங்கே ஸ்பிரிங் தள்ளிய சுமை முழுவதும் அடுத்த கேப்பின்மேல் விழுந்தது. தண்டு ஒரு பக்கம் தூக்கி வில்லாக வளையப் பார்த்தது. கேம் ஷாஃப்ட் பொதுவாக வார்ப்பு இரும்பு. தேயாது, ஆனால் வளையவும் வளையாது. ஒன்று தண்டு முறியும், இல்லையென்றால் கேப் பிளக்கும், இல்லையென்றால் அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். கை பலம் இங்கே உதவாது. அனுபவமும் அது பழைய எஞ்சினில் பெற்றதென்றால் உதவாது.

கழற்றும் முறை

அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்காரரும் நானும் கையேட்டைப் பிரித்து வைத்து வரி வரியாகப் பார்த்தோம். ஆங்கிலத்தில் இருந்ததை நான் சொல்லச் சொல்ல, பையன் நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டான். பிள்ளைகள் யாராவது இந்தத் தொழிலில் இருந்தால் அவர்களுக்குப் பயன்படும் என்று அதன் சாரத்தைத் தருகிறேன்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் அலுமினிய ஹெட்டைத் தொடக் கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

கிராங்கைக் கையால் சுற்றி டைமிங் குறிகளைக் கையேட்டில் சொன்ன நிலையில் நிறுத்த வேண்டும். குறி மங்கலாக இருந்தால் செயினிலும் பல்சக்கரத்திலும் பெயின்ட் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

எஞ்சினைப் பொறுத்து டைமிங் மூடியைத் திறந்து செயினை முதலில் எடுக்க வேண்டியிருக்கும். சிலவற்றில் செயினை உள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் எடுக்கலாம். அப்படியானால் டென்ஷனரைப் பின்னால் அழுத்திப் பூட்டி, செயினைக் கம்பியால் கட்டிவிட வேண்டும். உள்ளே விழுந்தால் அதற்காக மூடி முழுவதையும் திறக்க நேரும்.

செயின் கழன்ற பிறகு கிராங்கை மனம்போல் சுற்றக் கூடாது. திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதினால் வால்வு வளைந்துவிடும். மறுபடி தண்டை மாட்டும்போதும் இதே ஆபத்து உண்டு. கேப்பை இறுக்க இறுக்கச் சில வால்வுகள் திறந்துகொண்டே வரும். அப்போது பிஸ்டன் எங்கே இருக்க வேண்டும் என்று கையேடு சொல்வதை அப்படியே செய்ய வேண்டும்.

கேப்புகளில் எண்ணும் அம்புக்குறியும் இருக்கும். எந்த இடம், எந்தத் திசை என்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்ததுதான் முக்கியம். எந்த போல்ட்டையும் ஒரே மூச்சில் கழற்றக் கூடாது. கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. ஒரு போல்ட், அடுத்தது, அதற்கடுத்தது என்று எல்லாவற்றையும் ஒரு முறை தளர்த்திய பிறகே முதல் போல்ட்டுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலான எஞ்சின்களில் கழற்றும்போது இரண்டு ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டும். சில எஞ்சின்களில் வரிசை வேறு. கையேடு சொல்வதே சரி. நான்கைந்து சுற்று இப்படிப் போன பிறகு தண்டு சமமாக மேலே எழும்பி, ஸ்பிரிங்கின் அழுத்தம் தணிந்துவிடும். அதன் பிறகு போல்ட் விரலாலேயே கழன்று வரும். கழன்று வரவில்லை என்றால் அழுத்தம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

தண்டை நேராக மேலே தூக்கிச் சுத்தமான துணியில் கிடத்த வேண்டும். கிண்ண டேப்பட்டுகளை வரிசை மாறாமல் வைக்க, முட்டை அட்டையைவிட நல்ல சாமான் கிடையாது. முப்பது குழி இருக்கிறது; பன்னிரண்டு டேப்பட்டுக்குத் தாராளம். பக்கத்தில் எண் எழுதிக்கொள்ளலாம். நாமக்கல் முட்டைக்கு ஒரு நன்றி.

மாட்டும்போது எண்ணெய் தடவி, அதே வரிசையில் சிறிது சிறிதாக இறக்கி, கடைசியில் டார்க் ரென்ச் வைத்துத்தான் இறுக்க வேண்டும். இவை சின்ன போல்ட்டுகள். ஹெட் போல்ட்டை இறுக்கும் கையோடு இதை இறுக்கினால் மரை போய்விடும். முடித்த பிறகு சாவி போடுவதற்கு முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது இடித்தால் அங்கேயே நிறுத்திக் குறிகளைச் சரிபார்க்க வேண்டும்.

மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதே ஆண்டு மே மாதம் அம்பாசிடரும் நின்றது. அடியில் கேம் ஷாஃப்ட் இருந்த காலத்தையும், ராக்கரோடு மேலே ஒற்றைத் தண்டு இருந்த காலத்தையும் நம் பக்கத்துக்குக் காட்டிய இரண்டு வண்டிகளும் ஒரே ஆண்டில் விடைபெற்றன என்று சொல்லலாம். அந்த இரண்டு காலத்தின் தொழிலும் புத்தகம் இல்லாமல் கையிலிருந்து கைக்கு வந்தது. ஒருவர் செய்வதைப் பார்த்து இன்னொருவர் பழகினார். அதைக் குறைவாக மதிப்பிட முடியாது. ஆனால் இன்றைய எஞ்சின் அப்படிப் பார்த்துப் பழகுவதற்கு அவகாசம் கொடுப்பதில்லை. ஒரு எஞ்சினின் வரிசை இன்னொன்றுக்குப் பொருந்துவதில்லை. அந்தப் பட்டறையில் இப்போது பையன் எழுதிய நோட்டு டூல்ஸ் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. புது எஞ்சின் எது வந்தாலும் அதில் இரண்டு பக்கம் சேர்கிறது.

கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சினின் மேல்பக்கத்தைப் பிரிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த எஞ்சினுக்குக் கேப் கழற்றும் வரிசை கையில் இருக்கிறதா? டார்க் ரென்ச் இருக்கிறதா? நல்ல தொழில்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், எடுத்துக் காட்டுவார்.